மெயின்பிரேமில் யாருக்கு எது திறக்கும்? ராக்எஃப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஐபிஎம் மெயின்பிரேம் (பெருங்கணினி) வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சீக்கிரமே சந்திக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு டேட்டாசெட்டை, அதாவது மெயின்பிரேம் கோப்பைத் திறக்கப் போவார்கள், திரையில் ஐசிஎச்408ஐ என்று தொடங்கும் நான்கைந்து வரிகள் வந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் "ஆக்சஸ் இல்லை, டிக்கெட் போடு" என்பார். டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டால் செக்யூரிட்டி டீமில் யாரோ ஏதோ செய்வார்கள், மறுநாள் டேட்டாசெட் திறக்கும். அந்த "யாரோ ஏதோ" என்ன என்பது பலருக்குப் பல வருடம் கழித்தும் தெரிவதில்லை. உண்மையில் அது அவ்வளவு கடினம் இல்லை. இரண்டு மூன்று விதிகள் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில் பெயர். மெயின்பிரேமின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு ராக்எஃப் என்று பெயர். ஐபிஎம் இதை 1976-இல் வெளியிட்டது. அதற்கு முன்பு டேட்டாசெட்டுக்கே பாஸ்வேர்டு வைக்கும் முறை இருந்தது. ஒரு கோப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, அதைப் பயன்படுத்தும் பத்துப் பேருக்கும் அதே பாஸ்வேர்டு. யார் திறந்தார், யார் மாற்றினார் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டை மாற்றி மீதி ஒன்பது பேருக்கும் சொல்ல வேண்டும். ராக்எஃப் இதைத் தலைகீழாக்கியது. பூட்டுக்கு ஒரு சாவி என்பதை விட்டுவிட்டு, ஆள் யார் என்று முதலில் உறுதி செய்துகொள், பிறகு அந்த ஆளுக்கு எதெது அனுமதி என்று பதிவேட்டில் பார் என்றது. இதே வேலையைச் செய்யும் ஏசிஎஃப்2, டாப் சீக்ரெட் என்ற இரண்டு மென்பொருள்களும் உண்டு. அவை இப்போது பிராட்காம் நிறுவனத்திடம் உள்ளன. கட்டளைகள் வேறு, அடிப்படை எண்ணம் ஒன்றுதான். இங்கே ராக்எஃப்பை மட்டும் பார்ப்போம்.

கேட்பது ஒருவர், பதில் சொல்வது வேறொருவர்

ராக்எஃப் யாரையும் நேரடியாகத் தடுப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் காவலர், வந்தவரை நிறுத்திவிட்டு உள்ளே போன் போட்டு "இவரை விடலாமா?" என்று கேட்பார் அல்லவா, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். டேட்டாசெட்டைத் திறக்கும் மென்பொருள், சிக்ஸ் (டிரான்சாக்ஷன்களை நடத்தும் மென்பொருள்), ஜேஇஎஸ் (ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) என ஒவ்வொன்றும் வாசலில் நிற்கின்றன. அவை சாஃப் என்ற பொதுவான இடைமுகம் வழியாக ராக்எஃப்பைக் கேட்கின்றன: இந்த ஆள், இந்தப் பொருளை, இந்த அளவுக்குத் தொடலாமா?

பதில் ஓர் எண்ணாக வரும். 0 என்றால் விடலாம். 8 என்றால் கூடாது. 4 என்றால் "இதைப் பற்றி என்னிடம் பதிவே இல்லை, நீயே முடிவு செய்துகொள்". இந்த 4-ஐப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு டேட்டாசெட்டுக்கு எந்தப் பதிவும் எழுதப்படவில்லை என்றால், ராக்எஃப்பின் பழைய வழக்கப்படி அது பூட்டாத கதவு. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். புரொடெக்ட்ஆல் என்ற அமைப்பை முழுமையாக இயக்கி வைத்தால்தான் "பதிவு இல்லை என்றால் அனுமதியும் இல்லை" என்ற நிலை வரும். ஏசிஎஃப்2 பிறந்தபோதே அந்த நிலையில் பிறந்தது. ராக்எஃப்பில் நாம்தான் கொண்டுவர வேண்டும். புரொடெக்ட்ஆல் இல்லாத ஒரு சிஸ்டத்தில் வேறு எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

யூசர் புரொஃபைல்

ராக்எஃப்புக்கு ஓர் ஆள் என்பது ஒரு யூசர் புரொஃபைல், அதாவது அவரைப் பற்றிய பதிவு. எட்டு எழுத்துக்குள் ஒரு ஐடி, ஆளின் பெயர், அந்தப் புரொஃபைலுக்குப் பொறுப்பான ஓனர், ஒரு டிஃபால்ட் குரூப், பாஸ்வேர்டு தொடர்பான விவரங்கள், கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்ற தேதி ஆகியவை அதன் அடிப்படைப் பகுதியில் இருக்கும். அதற்கு மேல் செக்மெண்ட் என்ற தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஎஸ்ஓ செக்மெண்ட் இருந்தால் டிஎஸ்ஓவில் (திரையில் கட்டளைகளை அடித்து வேலை செய்யும் இடம்) லாகான் செய்யலாம். ஓஎம்விஎஸ் செக்மெண்ட் இருந்தால் யூனிக்ஸ் பக்கம் போகலாம், அதில் யூனிக்ஸுக்கான யுஐடி என்ற பயனர் எண் இருக்கும். ஐடி கிடைத்த பிறகும் "டிஎஸ்ஓவுக்குள் போக முடியவில்லையே" என்று ஒருவர் வந்தால் பெரும்பாலும் இந்தச் செக்மெண்ட்தான் விட்டுப்போயிருக்கும்.

ஆட்யூசர் என்ற கட்டளை புரொஃபைலை உருவாக்கும், ஆல்ட்யூசர் மாற்றும், லிஸ்ட்யூசர் காட்டும், டெல்யூசர் அழிக்கும். பாஸ்வேர்டு அதிகபட்சம் எட்டு எழுத்து. எட்டு எழுத்து இந்தக் காலத்துக்குப் போதாது என்பதால் பாஸ்வேர்டு ஃப்ரேஸ் என்ற நீண்ட வடிவம் வந்தது. அது வழக்கமாக 14 முதல் 100 எழுத்து வரை இருக்கலாம். முடிந்த இடத்திலெல்லாம் ஃப்ரேஸுக்கு மாறிவிடுவது நல்லது. அதோடு இரண்டாவது காரணியும் சேர்த்துக் கேட்கும் எம்எஃப்ஏ வசதியை 2016-லிருந்து ஐபிஎம் தருகிறது.

தவறான பாஸ்வேர்டை நிறுவனம் வகுத்த எண்ணிக்கைக்கு மேல் அடித்தால் ஐடி ரிவோக் ஆகிவிடும். அழியாது, முடங்கும். ஆல்ட்யூசரில் ரெஸ்யூம் கொடுத்தால் மீண்டும் உயிர் வரும். அட்மின் ஒரு புதிய பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தால் அது இயல்பாகவே காலாவதியான நிலையில்தான் வரும். அதாவது, அடுத்த முறை லாகான் செய்யும்போது அந்த ஆளே மாற்றியாக வேண்டும். அட்மினுக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். அவசரம் என்று சொல்லி இதைத் தவிர்க்கும் வழிகள் உண்டு, அவற்றின் பக்கம் போகாமல் இருப்பதே சரி.

ஐடி எல்லாமே மனிதர்களுடையது இல்லை. இரவில் தானாக ஓடும் பேட்ச் ஜாப்களுக்கும், சிஸ்டம் தொடங்கும்போதே எழும் டாஸ்க்குகளுக்கும் ஐடி வேண்டும். இவற்றுக்குப் புரொடெக்டட் என்ற பண்பைக் கொடுப்பார்கள். பாஸ்வேர்டே இல்லாத ஐடி அது. யாரும் அந்தப் பெயரில் லாகான் செய்ய முடியாது, தவறான பாஸ்வேர்டை அடித்து அதை ரிவோக் ஆக்கவும் முடியாது. இரண்டாவது பயன் சிறியது போலத் தெரியும். ஆனால் யாரோ விளையாட்டாக அடித்த தவறான பாஸ்வேர்டால் நள்ளிரவில் ஒரு முக்கிய டாஸ்க் எழாமல் போவதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

குரூப்

ராக்எஃப்பில் குரூப்கள் ஒரு மரமாக அமைந்திருக்கும். உச்சியில் சிஸ்1 என்ற குரூப். அதற்குக் கீழே மற்றவை, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தாய்க் குரூப். ஓர் ஆளைக் குரூப்பில் சேர்க்கும் கட்டளை கனெக்ட், விலக்குவது ரிமூவ்.

குரூப் என்ற ஒரே சொல்லில் இரண்டு மூன்று வேலைகள் நடப்பதால் புதியவர்கள் இங்கே குழம்புவார்கள். டேட்டாசெட் பெயரின் முதல் பகுதி, உதாரணமாக பேரோல்.மாஸ்டர்.ஃபைல் என்பதில் உள்ள "பேரோல்", ஒரு யூசர் ஐடியாகவோ குரூப்பாகவோ இருந்தால்தான் அதற்கு டேட்டாசெட் புரொஃபைல் எழுத முடியும். அதற்காகவே பேரோல் என்ற பெயரில் ஆளே இல்லாத ஒரு குரூப்பை உருவாக்கி வைப்பார்கள். அது கோப்புகளுக்கான குரூப். சம்பளப் பிரிவில் வேலை செய்பவர்களுக்காக பேடீம் என்று இன்னொன்று இருக்கும். அது ஆட்களுக்கான குரூப், அனுமதிகள் அதற்குத்தான் போகும். இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கும் சிஸ்டம் பத்து வருடம் கழித்தும் புரியும்.

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். காரணத்தை யாரும் விரித்துச் சொல்வதில்லை. ஓர் ஊழியருக்கு நூறு டேட்டாசெட் புரொஃபைலில் பெயர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் பிரிவு மாறும்போது நூறு இடத்தில் போய் அழிக்க வேண்டும். யாரும் அழிக்க மாட்டார்கள். அவர் புதிய பிரிவின் அனுமதிகளையும் வாங்கிக்கொள்வார், பழையவையும் கையில் இருக்கும். மூன்று பிரிவு மாறியவர் கையில் மூன்று பிரிவின் சாவிகள் இருக்கும். பில் போடுபவரும் அவரே, பில்லை ஒப்புக்கொள்பவரும் அவரே என்ற நிலை இப்படித்தான் யாரும் திட்டமிடாமலே உருவாகிறது. குரூப் வழியாகக் கொடுத்திருந்தால் ஒரு ரிமூவ், ஒரு கனெக்ட், வேலை முடிந்தது.

டேட்டாசெட் புரொஃபைல்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

டேட்டாசெட்டைக் காக்கும் பதிவுக்கு டேட்டாசெட் புரொஃபைல் என்று பெயர். ஒரே ஒரு டேட்டாசெட்டுக்கு என்று எழுதினால் அது டிஸ்கிரீட். நட்சத்திரக் குறிகள் போட்டு ஒரு பெயர் வரிசை முழுவதற்கும் எழுதினால் ஜெனரிக். பேரோல்.** என்று எழுதினால் பேரோல் என்று தொடங்கும் எல்லாவற்றையும் அது காக்கும், இன்னும் உருவாகாத கோப்புகளையும் சேர்த்து. இன்றைக்கு நடைமுறையில் ஜெனரிக்தான் வேலைக்கு ஆகும்.

புரொஃபைலில் ஓர் ஆக்சஸ் லிஸ்ட் இருக்கும். எந்த ஐடிக்கு, எந்தக் குரூப்புக்கு, எந்த அளவு என்று. அளவுகள் கீழிருந்து மேலாக: நன் (எதுவும் இல்லை), எக்ஸிக்யூட், ரீட், அப்டேட், கண்ட்ரோல், ஆல்டர். எக்ஸிக்யூட் நிரல் நூலகங்களுக்கானது: ஓட்டலாம், நகலெடுக்க முடியாது. கண்ட்ரோல், வீசாம் என்ற வகைக் கோப்புகளுக்குத்தான் பொருள்படும். அப்டேட் என்றால் உள்ளே எழுதலாம். ஆல்டர் என்றால் உருவாக்கலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம்.

ரீட் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "சும்மா பார்க்கத்தானே" என்று ரீட் அனுமதியை அள்ளிக் கொடுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. படிக்க முடிந்தவர் நகலெடுக்கவும் முடியும். நகல் அவருடைய சொந்த ஐடியின் கீழ் போய் உட்காரும். அதன் பிறகு அந்த நகலைக் காப்பது பேரோல்.** புரொஃபைல் இல்லை, அவருடைய சொந்தப் புரொஃபைல். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அவர் கையில். ஊழியர்களின் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கோப்புக்கு ரீட் கொடுப்பது பெரிய முடிவு, சிறிய முடிவு இல்லை.

லிஸ்டில் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன? அதற்கு யுஏசிசி என்ற பொது அளவு ஒன்று ஒவ்வொரு புரொஃபைலிலும் உண்டு. யுஏசிசி ரீட் என்றால் லிஸ்டில் இல்லாத யாரும் படிக்கலாம். எதையும் யோசிக்காமல் நன் என்று வைத்துவிட்டு, தேவைப்படுபவர்களுக்குத் திறப்பதுதான் பாதுகாப்பான வழக்கம்.

சரி, இப்போது முக்கியமான விதி. ஒரு டேட்டாசெட்டுக்குப் பல புரொஃபைல்கள் பொருந்தலாம். ஆனால் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் பேசும். பெயரோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது எதுவோ அது. மற்றவை இருப்பதையே ராக்எஃப் பார்க்காது. அனுமதிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூடுவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம். பேரோல்.** புரொஃபைலில் பேடீம் குரூப்புக்கு அப்டேட் இருக்கிறது, இரவு ஜாப்பின் ஐடியான பேபேட்ச்சுக்கு ரீட் இருக்கிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஒருநாள் பிரிவுத் தலைவர், மாஸ்டர் கோப்பை மட்டும் இரண்டு மூத்தவர்கள் தவிர யாரும் மாற்றக் கூடாது என்கிறார். நியாயமான கோரிக்கை. அட்மின் பேரோல்.மாஸ்டர்.** என்று புதிய புரொஃபைல் எழுதி, யுஏசிசி நன் வைத்து, அந்த இருவரும் உள்ள பேஹெட் குரூப்புக்கு அப்டேட் கொடுக்கிறார். கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டார். அன்று இரவு ஜாப் எஸ்913 அபெண்டில் விழும், அதாவது அனுமதி மறுக்கப்பட்டுப் பாதியில் நின்றுவிடும். ஏன்? பேபேட்ச்சின் ரீட் அனுமதி பழைய, அகலமான புரொஃபைலில் இருக்கிறது. இப்போது மாஸ்டர் கோப்புக்காகப் பேசுவது புதிய புரொஃபைல். அதில் பேபேட்ச் என்ற பெயரே இல்லை.

இதற்கு முன்னேற்பாடு எளிது. புதிய புரொஃபைலை வெறுமையாகத் தொடங்காமல், ஆட்எஸ்டி கட்டளையில் ஃப்ரம் என்று கொடுத்துப் பழையதன் ஆக்சஸ் லிஸ்ட்டோடு தொடங்கலாம். பிறகு பெர்மிட் கட்டளையால் ஒவ்வொருவராகக் குறைக்கலாம் அல்லது நீக்கலாம். பேடீமை ரீடுக்கு இறக்கலாம், பேபேட்ச்சைத் தொடாமல் விடலாம். அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சிஸ்டம் அமைப்பைப் பொறுத்து, புரொஃபைலை உருவாக்கிய அட்மினின் ஐடியே ஆல்டர் அளவோடு லிஸ்டில் போய் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். நோஆட்கிரியேட்டர் என்ற அமைப்பு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வார்னிங் என்ற ஒரு வசதியும் உண்டு. புரொஃபைலை அந்த நிலையில் வைத்தால், அனுமதி இல்லாதவர் வந்தாலும் எச்சரித்துப் பதிவு செய்துவிட்டு உள்ளே விட்டுவிடும். யார் யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய இது நல்ல வழி. இதுவரை பூட்டே இல்லாத இடத்தில் முதன்முறையாகப் பூட்டுப் போடும்போது இதைப் பயன்படுத்தலாம். ஆனால் மேலே சொன்ன மாஸ்டர் கோப்பு போன்ற இடத்தில் வேண்டாம். அங்கே ஏற்கெனவே காவல் இருந்தது. வார்னிங் போட்டால் இருந்த காவலும் போய் எல்லோருக்கும் திறந்துவிடும். சோதனைக்கு என்று போட்ட வார்னிங்கை யாரும் திரும்ப எடுக்காமல் வருடக் கணக்கில் கிடப்பதும் உண்டு. ஆடிட்டர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

எந்த வரிசையில் பார்க்கிறது?

பேசப்போகும் புரொஃபைல் எது என்று முடிவான பிறகு, அதற்குள் ஒரு வரிசை இருக்கிறது. டேட்டாசெட் பெயரின் முதல் பகுதி உங்கள் ஐடியே என்றால் அது உங்கள் சொந்தச் சொத்து, கேள்வி இல்லை. இல்லையென்றால் ஆக்சஸ் லிஸ்டில் உங்கள் ஐடி பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதில் உள்ள அளவே உங்கள் அளவு. உங்கள் குரூப்புக்கு அதைவிட அதிகம் இருந்தாலும் குரூப் பக்கம் போகாது. ஐடி இல்லையென்றால் குரூப்கள். குரூப் லிஸ்ட் அமைப்பு இயங்கினால், நீங்கள் இருக்கும் எல்லாக் குரூப்களையும் பார்த்து அவற்றில் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் நட்சத்திரக் குறியிட்ட பொது வரி, கடைசியாக யுஏசிசி. இதற்கெல்லாம் முன்பாகப் பார்க்கப்படும் குளோபல் ஆக்சஸ் டேபிள் என்ற ஒரு சிறு பட்டியல் உண்டு, வேகத்துக்காக வைக்கப்பட்டது. இப்போதைக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள வழி கிடைக்கிறது. இருபது பேர் உள்ள குரூப்புக்கு அப்டேட் இருக்கிறது, ஒருவரை மட்டும் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்றால், அவர் ஐடியை நன் என்று லிஸ்டில் எழுதினால் போதும். குரூப்பைத் தொட வேண்டியதில்லை. இதே விதி எதிர்ப் பக்கமும் வெட்டும். எப்போதோ ஒருவருக்குத் தனியாக ரீட் கொடுத்து மறந்திருப்பார்கள். பிறகு அவர் குரூப்புக்கு அப்டேட் கிடைக்கும். குரூப்பில் எல்லோருக்கும் வேலை செய்யும், இவருக்கு மட்டும் செய்யாது. இப்படி ஒரு புகார் வந்தால் நேராக லிஸ்டில் அந்த ஐடியைத் தேடுங்கள்.

செய்தியைப் படிப்பது

ஐசிஎச்408ஐ செய்தியைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. முதல் வரியில் யூசர் ஐடி, அப்போதைய குரூப், பெயர். அடுத்து எந்த டேட்டாசெட், எந்த கிளாஸ் (காக்கப்படும் பொருளின் வகை). பிறகு "போதிய அனுமதி இல்லை" என்ற பொருளில் ஒரு வரி. அதற்குக் கீழே ஃப்ரம் என்று தொடங்கும் வரியில், பதில் சொன்ன புரொஃபைலின் பெயர் இருக்கும். ஜெனரிக் என்றால் பக்கத்தில் ஜி என்ற எழுத்து. கடைசியில் ஆக்சஸ் இண்டெண்ட் என்பது நீங்கள் கேட்ட அளவு, ஆக்சஸ் அலௌடு என்பது உங்களுக்கு உள்ள அளவு.

மேலே பார்த்த உதாரணத்தில் இரவு ஜாப்புக்கு வந்திருக்கும் செய்தியில் ஃப்ரம் வரியில் பேரோல்.மாஸ்டர்.** என்று இருக்கும், இண்டெண்ட் ரீட், அலௌடு நன். பேரோல்.**-இல் ரீட் இருக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எந்தப் புரொஃபைல் பேசியது என்று அதுவே சொல்லிவிடுகிறது. டிக்கெட் போடும்போது "ஆக்சஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் இந்தச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள். செக்யூரிட்டி டீமுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கொடுத்தாச்சு, இன்னும் வரவில்லை

இது தினமும் நடக்கும். அட்மின் கனெக்ட் கொடுத்துவிட்டார், ஆள் இன்னும் மறுக்கப்படுகிறார். காரணம், லாகான் செய்யும்போதே அந்த ஆளின் குரூப் விவரங்களோடு ஏசிஇஇ என்ற ஒரு சிறு பதிவு நினைவகத்தில் தயாராகிவிடுகிறது. அதன் பிறகு கனெக்ட் செய்தால் அந்தப் பதிவு தானாக மாறாது. லாகாஃப் செய்து மீண்டும் லாகான் செய்தால் சரியாகும்.

ஜெனரிக் புரொஃபைல்களும் இப்படித்தான் நினைவகத்தில் தங்கியிருக்கும். அதற்கு செட்ராப்ட்ஸ் கட்டளையில் ஜெனரிக் ரிஃப்ரெஷ். டேட்டாசெட் அல்லாத மற்ற கிளாஸ்களில் பலவற்றை ரேக்லிஸ்ட் என்ற முறையில் மொத்தமாக நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். அவற்றில் எதை மாற்றினாலும் ரேக்லிஸ்ட் ரிஃப்ரெஷ் கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும். அனுமதியை நீக்கும்போதும் இதே கதைதான். நீக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ரிஃப்ரெஷ் கொடுக்க மறந்தால் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. கொடுக்கும்போது மறந்தால் ஆள் வந்து கேட்பார். எடுக்கும்போது மறந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

மற்ற கிளாஸ்கள் என்று சொன்னேன் அல்லவா, அவை நூற்றுக்கும் மேல் உண்டு. சிக்ஸ் டிரான்சாக்ஷன்கள், ஆபரேட்டர் கட்டளைகள், பிறர் பெயரில் ஜாப் அனுப்பும் உரிமை, யூனிக்ஸ் சலுகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ். புரொஃபைல், ஆக்சஸ் லிஸ்ட், யுஏசிசி என்ற அமைப்பு அப்படியே அங்கேயும் வரும்.

பெரிய சாவிகள்

சில யூசர் புரொஃபைல்களில் சிறப்புப் பண்புகள் இருக்கும். ஸ்பெஷல் உள்ளவர் எல்லாப் புரொஃபைலையும் உருவாக்கலாம், மாற்றலாம். அதனாலேயே அவருக்குச் சம்பளக் கோப்பைப் படிக்கும் உரிமை வந்துவிடாது. ஆனால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளலாம். ஆபரேஷன்ஸ் உள்ளவருக்கு லிஸ்டில் வெளிப்படையாகக் கட்டுப்படுத்தாத டேட்டாசெட்கள் பெரும்பாலும் திறந்துவிடும். வட்டு நிர்வாகத்துக்காக அந்தக் காலத்தில் வந்தது அது. இன்று பெரும்பாலான இடங்களில் அது யாருக்கும் தேவையில்லை. ஆடிட்டர் உள்ளவர் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர். நிகழ்வுகள், சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவேடான எஸ்எம்எஃப்பின் 80-ஆம் வகைப் பதிவுகளாகச் சேரும். ஸ்பெஷலும் ஆடிட்டரும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. மாற்றுபவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருந்தால் கண்காணிப்பே இல்லை.

ஹெல்ப்டெஸ்க் ஊழியருக்குப் பாஸ்வேர்டு ரீசெட் செய்யும் வேலை இருக்கிறது என்பதற்காக ஸ்பெஷல் கொடுக்கும் இடங்கள் உண்டு. தேவையே இல்லை. ஃபெசிலிட்டி கிளாஸில் ஐஆர்ஆர்.பாஸ்வேர்டு.ரீசெட் என்ற புரொஃபைலுக்கு ரீட் கொடுத்தால், பாஸ்வேர்டை ரீசெட் செய்யவும் ரிவோக் ஆன ஐடியை ரெஸ்யூம் செய்யவும் போதும். ஒரு பிரிவுக்குள் மட்டும் நிர்வாகம் செய்ய வேண்டும் என்றால் குரூப் ஸ்பெஷல் இருக்கிறது. அதன் அதிகாரம் அந்தக் குரூப்பின் வரம்புக்குள் நிற்கும்.

புதிய சிஸ்டத்தோடு ஐபிஎம்யூசர் என்ற ஐடி வரும், பெரிய சலுகைகளோடு. தொடக்க வேலைகளுக்கு அது தேவை. சொந்த அட்மின் ஐடிகள் தயாரானதும் அதை ரிவோக் செய்துவிட வேண்டும். அதன் பெயர் உலகத்துக்கே தெரியும்.

பட்டியலில் தெரியாத பெரிய சாவிகளும் உண்டு. ஏபிஎஃப் நூலகங்கள் எனப்படும் சில நிரல் நூலகங்களில் எழுதும் உரிமை உள்ளவர், ராக்எஃப்பையே சுற்றிப் போகும் நிரலை அதில் வைக்க முடியும். அங்கே அப்டேட் என்பது ஸ்பெஷலுக்குச் சமம் என்றே எண்ண வேண்டும். ராக்எஃப்பின் தரவுத்தளமும் ஒரு டேட்டாசெட்தான். 2012-இல் ஸ்வீடனில் லாஜிகா நிறுவனத்தின் மெயின்பிரேமுக்குள் புகுந்தவர்கள் அந்தத் தரவுத்தளத்தின் நகலை வெளியே எடுத்துப்போய், பாஸ்வேர்டுகளைத் தங்கள் கணினிகளில் வைத்து உடைத்தார்கள். தவறான முயற்சிக்கு ரிவோக் ஆகும் விதியெல்லாம் நகலுக்குப் பொருந்தாது, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். பழைய டிஇஎஸ் முறையில் சேமித்த பாஸ்வேர்டுகளை இப்போது கேடிஎஃப்ஏஇஎஸ் என்ற வலுவான முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதை இயக்கியிருக்கிறீர்களா, தரவுத்தளத்தையும் அதன் பேக்கப்பையும் யாரெல்லாம் படிக்க முடியும் என்ற இரண்டும் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆள் போகும்போது

ஒப்பந்தத்தில் வருபவர்களுக்கு ஐடி கொடுக்கும்போதே ரிவோக் தேதியையும் வைத்துவிடலாம். அந்த நாள் வந்ததும் ஐடி தானாக முடங்கும். நீட்டிப்பு வந்தால் தேதியை மாற்றினால் சரி. நினைவு வைத்துக்கொண்டு எடுப்பதைவிட இது நம்பகமானது.

நிரந்தர ஊழியர் விலகினால் முதலில் ரிவோக், சில காலம் கழித்து டெல்யூசர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டெல்யூசர் யூசர் புரொஃபைலை மட்டும்தான் அழிக்கும். ஆக்சஸ் லிஸ்ட்களில் எழுதப்பட்ட அந்த ஐடி அங்கேயே கிடக்கும். சில வருடம் கழித்து அதே ஐடியைப் புதிய ஆளுக்குக் கொடுத்தால், முதல் நாளே பழையவரின் அனுமதிகள் அவருக்கு வந்துவிடும். இதற்காகவே ஐஆர்ஆர்ஆர்ஐடி00 என்ற பயன்பாட்டு நிரல் இருக்கிறது. ஐஆர்ஆர்டிபியூ00 நிரலால் தரவுத்தளத்தை ஒரு சாதாரணக் கோப்பாக இறக்கி அதனிடம் கொடுத்தால், அந்த ஐடி எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, நீக்கும் கட்டளைகளையும் எழுதித் தரும். படித்துப் பார்த்துவிட்டு ஓட்டலாம்.

பழக ஆரம்பிக்க அட்மின் அனுமதி எதுவும் வேண்டாம். டிஎஸ்ஓவில் லிஸ்ட்யூசர் என்று மட்டும் அடித்தால் உங்கள் சொந்தப் புரொஃபைல் வரும்: ஓனர் யார், எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள், என்ன பண்புகள் உண்டு என்று. தினமும் வேலை செய்யும் டேட்டாசெட் ஒன்றின் பெயரைக் கொடுத்து, ஜெனரிக் என்பதையும் சேர்த்து, லிஸ்ட்டிஎஸ்டி கட்டளையை அடியுங்கள். அதைக் காக்கும் புரொஃபைல் எது, யுஏசிசி என்ன, யுவர் ஆக்சஸ் என்ற தலைப்பின் கீழ் உங்களுக்குள்ள அளவு என்ன என்று காட்டும். உங்கள் வேலைக்குத் தேவையானதைவிட அது அதிகமாக இருந்தால், அதைக் குறைக்கச் சொல்லியும் டிக்கெட் போடலாம்.